ஒரு நாளுக்கு நான்கு யூனிட்

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள் யோசனை கேட்டு வரும்போது, எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வாங்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எத்தனை லிட்டர் எரிபொருளைப் பத்திரமாக வைக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். இயந்திரம் வாங்க வந்தவரிடம் கேனைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் கேள்வியை மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து நாலைந்து நாள் மின்சாரம் இல்லாமல் போகும்போது, முதலில் தீர்ந்துபோவது எரிபொருள்தான். பெட்ரோல் நிலையத்தின் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைக்கும். பம்ப் ஓடுகிற இடத்திலோ வரிசை வளைந்து நெளிந்து தெரு தாண்டி நிற்கும்.

என் அண்ணன் இதற்கு நேர் எதிர்க் கட்சி. "வாங்குவதுதான் வாங்குகிறாய், கொஞ்சம் பெரியதாக வாங்கிவிடு. பின்னாளில் உதவும்" என்பார். வேட்டி, பாத்திரம், அலமாரி எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடிய அறிவுரை அது. ஜெனரேட்டருக்குப் பொருந்தாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் எது இல்லாமல் முடியாது என்று எழுதுங்கள். எது இருந்தால் நன்றாக இருக்கும் என்ற பட்டியல் இப்போது வேண்டாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே இரண்டு எண்கள்: எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். சாதனத்தின் பின்புறத் தகட்டில் வாட் இருக்கும். ஆம்பியர் மட்டும் இருந்தால் வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழத் தெரிந்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், சுவர் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கி ஒரு வாரம் ஓட விடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அது மிக அவசியம். தகட்டில் உள்ள எண்ணுக்கும் அது ஒரு நாளில் உண்மையில் இழுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடுவதில்லை அல்லவா?

என் பட்டியல் இப்படி வந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளுக்கு 1.2 யூனிட். 9 வாட் எல்இடி விளக்குகள் ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். 60 வாட் மின்விசிறிகள் இரண்டு, பத்து மணி நேரம் சுற்றினால் 1.2 யூனிட். இணைய ரூட்டர் நாள் முழுக்க ஓடினாலும் கால் யூனிட்தான். மடிக்கணினிக்கும் கைப்பேசிகளுக்கும் சேர்த்துக் கால் யூனிட். தண்ணீர் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட். கூட்டிப் பார்த்தால் நாலு யூனிட்டைத் தொடவில்லை. ஒரு குடும்பம் கௌரவமாக ஒரு நாளைக் கழிக்க இவ்வளவுதான் வேண்டும். இதில் ஏசி இல்லை, வெந்நீர் கீசர் இல்லை, இண்டக்‌ஷன் அடுப்பு இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை. சூடாக்குகிறவை பெரும்பாலும் ஆயிரம் வாட்டை ஒட்டியோ அதற்கு மேலோதான் பேசும். நெருக்கடி நாளில் அவற்றுக்கு வேறு வழி பார்த்துக்கொள்வதுதான் மலிவு.

சரி, நாலு யூனிட். இதற்கு எவ்வளவு எரிபொருள்? ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் அடைந்து கிடக்கிறது. வீட்டு ஜெனரேட்டர் அதில் ஒன்று, ஒன்றரை, நல்ல இயந்திரமாக இருந்து சரியான சுமையில் ஓடினால் இரண்டு யூனிட்டை மின்சாரமாகத் தரும். மிச்சமெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அப்படியானால் நாலு யூனிட்டுக்கு மூன்று லிட்டர் போதும் என்று ஆகிறது. இப்போது அண்ணன் சொன்ன பெரிய இயந்திரத்தைப் பார்ப்போம். ஐந்து கிலோவாட் வழக்கமான ஜெனரேட்டர், வெறும் விளக்கும் விசிறியும் போட்டு ஓடினாலும் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடித்துக்கொண்டே இருக்கும். சுமை குறைந்தாலும் அதன் வேகம் குறையாது. 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அலை) மின்சாரம் வர வேண்டுமானால் இரண்டு துருவ இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600. ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம், வீடெங்கும் விளக்கெரிந்தாலும் அதே வேகம். நாள் முழுக்க ஓடவிட்டால் இருபது லிட்டர் கேன் ஒன்று காலி. மூன்று லிட்டருக்கும் இருபது லிட்டருக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தில்தான் ஜெனரேட்டர் தேர்வு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

அப்படியென்றால் எல்லாரும் ஏன் பெரியதை வாங்குகிறார்கள்? காரணம் மோட்டார். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 150 வாட்தான். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்தக் கணத்தில் எண்ணூறு, ஆயிரம் என்று எகிறும். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் என்றால், கிளம்பும்போது மூன்று மடங்கோ அதற்கு மேலோ கேட்கும். ஜெனரேட்டரால் அதைத் தர முடியாவிட்டால் வோல்டேஜ் சரியும், மோட்டார் முனகிக்கொண்டே நின்று சுருள் சூடாகும், அல்லது ஜெனரேட்டரே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஒரு விநாடிக்குத் தேவைப்படும் இந்தத் திறனுக்காகத்தான் நாம் இரண்டு மடங்கு இயந்திரத்தை வாங்கி, மீதி நேரமெல்லாம் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலில் உள்ள மோட்டாரை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். தண்ணீர் மோட்டாரை நீக்க முடியுமா? புயல் எச்சரிக்கை வந்தவுடன் மேல்தொட்டியை நிரப்பி, குடங்களையும் பீப்பாய்களையும் நிரப்பி வைத்தால் மூன்று நாளைக்கு மோட்டார் வேண்டியதில்லை. அந்த ஒரு முடிவே ஐந்து கிலோவாட்டை இரண்டு கிலோவாட்டாகச் சுருக்கிவிடும். ஏசி கட்டாயம் வேண்டும் என்கிற நிலைமை, வயதானவர்களோ நோயாளிகளோ இருக்கிற வீட்டில், நியாயமானதுதான். இன்வெர்ட்டர் வகை ஏசி மெதுவாக வேகமெடுக்கும் என்பதால் கிளம்பும்போது பெரிதாக இழுக்காது. பழைய வகையாக இருந்தால் மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்திக்கொள்ளலாம். தவிர்க்கவே முடியாத மோட்டார் ஒன்று இருந்தால், கணக்கு எளிது: மற்ற சாதனங்கள் ஓடும் வாட்டைக் கூட்டி, மிகப் பெரிய ஒரே ஒரு மோட்டாரின் தொடக்க இழுவையை அதன்மேல் சேர்க்க வேண்டும். எல்லா மோட்டாரும் ஒரே விநாடியில் கிளம்பும் என்று எண்ணிக் கூட்ட வேண்டாம். ஒவ்வொன்றாகப் போடுவதற்கு நமக்குக் கை இருக்கிறது.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது உச்சத் திறன், சில விநாடிகளுக்கு மட்டும். தொடர் திறன் என்று சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். நீங்கள் வாங்குவது அதைத்தான். கேவிஏவில் சொல்லியிருந்தால் 0.8-ஆல் பெருக்கிக் கிலோவாட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும். காற்று மெலிய மெலிய எஞ்சினின் வலுவும் குறையும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு இழப்பு.

வகைகளில் எனக்கு ஒளிவுமறைவற்ற சாய்வு உண்டு: இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். இதில் எஞ்சின் உருவாக்கும் மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று ஒன்று அதைச் சுத்தமான 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையாக மறுபடி வடிக்கிறது. ஹெர்ட்ஸுக்கும் எஞ்சின் வேகத்துக்கும் உள்ள கட்டு அறுந்துவிடுவதால், சுமை குறைந்தால் எஞ்சினும் நிதானமாக ஓடலாம். எரிபொருள் மிச்சம், சத்தமும் குறைவு. வரும் அலை சீராக இருப்பதால் கணினி, மருத்துவக் கருவி போன்றவற்றுக்கும் பயம் இல்லை. பல மாதிரிகளில் இரண்டு சிறிய இயந்திரங்களை ஒரு கேபிளால் இணைத்து ஒன்றாக ஓட்டலாம். ஒன்று பழுதானாலும் மற்றது கையில் இருக்கும் என்பது ஐந்து கிலோவாட் ஒற்றை இயந்திரத்தில் கிடைக்காத நிம்மதி. குறை என்னவென்றால் அதே வாட்டுக்கு விலை கூடுதல்; மின்னணுப் பலகை போனால் தெரு மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது. வெல்டிங் வேலைக்கும் கட்டடம் கட்டும் இடத்துக்கும் பழைய வகையே ராஜா. நாம் பேசுவது வீட்டைப் பற்றி.

எரிபொருள் வகை. பெட்ரோல் எங்கும் கிடைக்கும், ஆனால் கெட்டுப்போகும். சில மாதங்களிலேயே ஆவியாகக்கூடிய பாகம் பிரிந்து, மிச்சம் பிசுபிசுத்துக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்திருந்தால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தி என்ற திரவத்தைக் கலந்தால் ஓராண்டு வரை தாங்கும். அதைவிட எளிய வழி, கேனில் உள்ளதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதியதை நிரப்புவது. டீசல் கூடுதல் காலம் நிற்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. ஆனால் டீசல் எஞ்சினுக்குச் சும்மா ஓடுவது பிடிக்காது. முப்பது விழுக்காட்டுக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எரியாத எரிபொருளும் கரியும் புகைபோக்கியில் கசிந்து படியும். நமது நாலு யூனிட் வீட்டுக்கு அது பொருத்தமில்லை. எல்பிஜி எத்தனை ஆண்டு வைத்தாலும் கெடாது. இயந்திரத்தின் திறன் பத்து விழுக்காடு போலக் குறையும், கடுங்குளிரில் உருளையிலிருந்து வாயு சரிவரக் கிளம்பாது. பெட்ரோல், எல்பிஜி இரண்டிலும் ஓடும் இயந்திரங்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. இரண்டு வழி திறந்திருப்பது நெருக்கடிக்கு நல்லது. குழாய் வழி வரும் எரிவாயுவைப் பலர் தீராத ஊற்று என்று நம்புகிறார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் முடக்கியபோது மின்சாரத்தோடு எரிவாயு வழங்கலும் சேர்ந்தே தடுமாறியது. வாயுவைத் தள்ளும் சில கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது ஒரு காரணம்.

பேட்டரி இந்தக் கணக்கை இன்னும் மாற்றிவிடுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிப் பெட்டிகள் இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏறி இறங்கும். இரண்டு யூனிட் கொள்ளும் பெட்டி ஒன்றையும் இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஜெனரேட்டர். அந்த நேரத்தில் குளிர்சாதனப் பெட்டி குளிர்ந்துகொள்ளும், பேட்டரி நிரம்பும், இயந்திரமும் தனக்குப் பிடித்த சுமையில் ஓடும். இரவு முழுக்கப் பேட்டரி. பேட்டரியில் போட்டு எடுப்பதில் பத்துப் பதினைந்து விழுக்காடு இழப்பு இருந்தாலும் மூன்று லிட்டரைச் சுற்றியே நாள் முடிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டிக்கு இடைவிடாத மின்சாரம் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி இரண்டு நாள் வரை. இருநூறு வாட் சூரியத் தகடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நல்ல வெயில் நாளில் முக்கால் யூனிட்டாவது இலவசம். புயல் நாளில் வெயில் எங்கே என்று கேட்காதீர்கள்; மின்தடை பெரும்பாலும் புயல் போன பின்னும்தான் நீளும், அப்போது வானம் வெளுத்திருக்கும்.

இனி இடம். ஜெனரேட்டரை எங்கே வைப்பீர்கள் என்பதற்குப் பதில் இல்லையென்றால், மேலே எழுதிய எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. நேராகப் பேட்டரிக்குப் போய்விடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைசுற்றல். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பின்னும், புயலில் தப்பியவர்கள் ஜெனரேட்டர் புகையில் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் யாரும் அறிவில்லாதவர்கள் அல்லர். மழை பெய்கிறது, இயந்திரம் திருட்டுப் போய்விடும், அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் தொந்தரவு என்று நல்ல காரணங்களோடுதான் அதை வராந்தாவுக்கோ கார் கூடத்துக்கோ நகர்த்தினார்கள்.

ஆகவே இதில் சமரசம் இல்லை. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழல் வீட்டுக்கு எதிர்த்திசையில். கதவைத் திறந்து வைத்த கார் கூடம் திறந்த வெளி ஆகாது. பால்கனி ஆகாது, மாடிப்படியின் கீழ்ப்புறமும் ஆகாது. சன்னல் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றாலும் அதே தூரம்தான். மழைக்குப் பக்கங்கள் திறந்த கூரை போதும், பெட்டி போல மூடக் கூடாது. காற்றில் இந்த வாயு அளவு மீறினால் தானாக நின்றுவிடும் உணரி கொண்ட மாதிரிகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள். அது இருந்தாலும் படுக்கையறைக்கு வெளியே பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தனி ஜெனரேட்டர் என்பதே கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இணைப்பு விஷயத்தில் ஒரு விபரீத வழக்கம் உண்டு. இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டால் வீடு முழுக்க விளக்கெரியும். எரியும்தான். கூடவே அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளியே போய், தெரு டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும். கம்பி செத்துக்கிடக்கிறது என்று நம்பி மேலே ஏறியிருக்கும் மின் ஊழியர் அதைத் தொடுவார். மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. இருட்டில், அவசரத்தில், வேறொருவர் கையில் அந்த மெயின் சுவிட்ச் என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்? மின்வழங்கல் திரும்பி வரும் கணத்தில் இரண்டு மின்சாரமும் மோதினால் ஜெனரேட்டரும் அத்தோடு முடிந்தது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துவதுதான் வழி. ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே இணையும்படி அதன் உள்ளமைப்பே இருக்கும். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டதா, இணைக்கப்படாத மிதக்கும் வகையா என்று அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் இணைத்தால் மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் வீட்டின் கசிவு மின் தடுப்பான் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

சுவிட்ச் செலவு வேண்டாம் என்றால் நீட்டிப்பு வயர் போதும்: ஜெனரேட்டரிலிருந்து நேராகச் சாதனத்துக்கு. வெளியில் பயன்படுத்தத் தக்க தடித்த வயர், இருபது மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டராவது. சுருளில் சுற்றியபடியே விட்டால் சூடாகி உருகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வரி. விளம்பரத்தில் வரும் டெசிபல் எண் பெரும்பாலும் ஏழு மீட்டர் தள்ளி நின்று, கால் சுமையில் அளந்தது. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும். 58-க்கும் 68-க்கும் பத்துதான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கியவரின் அண்டைவீட்டார் அந்த இரவை மறக்க மாட்டார்கள்.

பராமரிப்புக்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. புது எஞ்சினுக்கு முதல் இருபது மணி நேர ஓட்டத்திலேயே எண்ணெய் மாற்ற வேண்டும், பிறகு கையேட்டில் சொன்னபடி. பல நாள் மின்தடையில் இருபது மணி நேரம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்பதால் எஞ்சின் எண்ணெய், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி மூன்றையும் இயந்திரத்தோடே வாங்கி வைத்துவிடுங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. அணைத்துக் கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மாதம் ஒருமுறை, விளக்கைப் போட்டுப் பார்த்து நிறுத்தாமல், குளிர்சாதனப் பெட்டி போன்ற உண்மையான சுமையோடு கால் மணி நேரம் ஓட்டுங்கள். நெடுநாள் தூங்கப் போகிற இயந்திரத்தின் எரிபொருள் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காய்ந்துவிடும். சாவியைத் திருப்பினால் கிளம்பும் மாதிரியில் பேட்டரி இறங்கியிருக்கும் நாள் வரும் என்பதால், இழுத்துக் கிளப்பும் கயிறும் உள்ளதையே தேர்ந்தெடுக்கிறேன். அதை வீட்டில் உள்ளவர்களால் இழுக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். நீங்கள் இழுத்துக் காட்டினால் போதாது. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் இழுப்பாரோ, அவரை அழைத்துப் போங்கள்.

ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற கருவியை நம்பி இருப்பவர் வீட்டில் இருந்தால் மட்டும் நான் சொன்ன சிக்கனமெல்லாம் இரண்டாம் பட்சம். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், இரவும் பகலும் ஓட வேண்டியிருந்தால் அதற்கே எட்டு யூனிட் ஆகிவிடும். அங்கே பேட்டரி முதல் வரிசை, ஜெனரேட்டர் இரண்டாம் வரிசை, மின்சாரம் வேண்டாத ஆக்சிஜன் உருளை மூன்றாம் வரிசை என்று மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பும்வரை இருக்கும் சில நிமிட இடைவெளியைப் பேட்டரி தாங்குகிறதா என்பதை மெயினை அணைத்துச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

மற்ற வீடுகளுக்கும் அந்தச் சோதனை நல்லதுதான். ஒரு விடுமுறை நாளில், மாலையிலிருந்து மறுநாள் மாலை வரை மெயினை அணைத்துவிட்டு, பட்டியலில் உள்ளதை மட்டும் வைத்து இருந்து பாருங்கள். டார்ச் எங்கே இருக்கிறது, வயர் நீளம் போதுமா, ரூட்டருக்குப் பக்கத்தில் சாக்கெட் இருக்கிறதா, கேனிலிருந்து தொட்டிக்கு ஊற்றப் புனல் வாங்கினோமா என்று வரிசையாகத் தெரிய வரும். கேனில் எவ்வளவு குறைந்தது என்று முடிவில் அளந்து, ஐந்து நாள் மின்தடைக்காக ஐந்தால் பெருக்குங்கள். அவ்வளவு எரிபொருளை உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், வசிக்கும் அறைகளிலிருந்து தள்ளி வைக்க முடிகிறது என்றால் இயந்திரம் சரியான அளவு. முடியவில்லை என்றால் பட்டியலில் இன்னும் ஒரு வரியை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அடிபட்டது அண்ணனின் ஏசி. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.